சாய்ச்சுக் குத்தணும்

என் ஐயா எங்கே போனாலும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார். எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை ஐயா என்போம், அப்பாவின் அம்மாவை அப்பத்தா என்போம். கல்யாண வீடானாலும் சரி, கண்மாய்க் கரையானாலும் சரி, தலை லேசாகக் குனிந்திருக்கும், கண் இரண்டடி முன்னால் மண்ணில் இருக்கும். அடியும் குட்டி அடிதான். ஆறடி உயரமுள்ள மனிதர் ஏன் இப்படிப் பொடிநடை நடக்கிறார் என்று சின்ன வயதில் எனக்குப் புரியாது. ஒருநாள் தண்டவாளத்தின் நடுவே ஸ்லீப்பர் கட்டை மேல் கால் வைத்து நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கட்டையாக மிதித்தால் நம் அடிக்குக் குட்டை, ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் நீளம். அவர் குட்டையைப் பழகிக்கொண்டார், அப்புறம் அந்த நடை அவரை விடவேயில்லை.

போன அக்டோபரில் இறந்துபோனார். வயது 81. தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் "முன்னாள் இராணுவ வீரர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்" என்று போட்டிருந்தோம். துக்கத்துக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பெரிய சண்டையிலயெல்லாம் இருந்தாராம்மா? என்ன பண்ணுனாரு?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் செய்த வேலையின் பலன் எல்லாமே நடக்காமல் போன விஷயங்கள். வெடிக்காத வெடி, கவிழாத ரயில். அதை எப்படி அந்த நேரத்தில் எடுத்துச் சொல்வது? அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவே, வானம் பார்த்த பூமியில் 1944ல் பிறந்தவர். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். மறு வருடம் இவரும் போய் வரிசையில் நின்றார். தேசபக்தியா, பசியா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும்தான் ஆத்தா, ஒண்ண மட்டும் சொன்னா பொய்யாயிரும்" என்றார். உயரத்தையும் கையையும் பார்த்து மெட்ராஸ் சாப்பர்ஸில் எடுத்துக்கொண்டார்கள். 1780ல் தொடங்கிய படை அது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில்தான் அவர்களுடைய மையம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது எல்லாம் சாப்பர் வேலை. ராணுவம் முழுக்க அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். 75 வயதுக்கு மேலும் பஞ்சாபிலிருந்து ஒரு பழைய கூட்டாளி போன் பண்ணி "தம்பி!" என்று கத்துவார், அது ஐயாவின் காதைத் தாண்டி வாசலில் இருக்கும் எங்களுக்கே கேட்கும்.

பயிற்சியைப் பற்றி அவர் ஆசையாகச் சொன்னது பெய்லி பாலம் ஒன்றைத்தான். இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கோத்து ஆற்றுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டே போகும் பாலம். ஒரு சட்டம் பத்தடி நீளம், கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஆறு பேரில் ஒருவன் அரை நொடி முந்தினாலும் அடுத்தவன் தோள் போய்விடும் என்பார். சொல்லும்போது அவர் தோள் தானாக ஒரு பக்கம் இறங்கும்.

அவர் ராணுவத்தில் இருந்த பதினாறு வருடமும் அப்பத்தாவுக்கு அவர் இருந்த ஊர் எது என்றே தெரியாது. கடிதத்தில் பெயர், நம்பர், யூனிட் எழுதி, கீழே 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண்ணைப் போட்டால் போதும், ராணுவத் தபால்காரர்கள் எங்கே இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். காஷ்மீரோ, ராஜஸ்தானோ, எல்லாம் அவளுக்கு 56 ஏ.பி.ஓ.தான். "அந்த ஊர்ல குளிரு ஜாஸ்தி போல" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவாளாம். இப்போது கேட்டாலும் அதை ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல்தான் சொல்கிறாள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது அவர் பெங்களூரில் இருந்தார். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியே, உள்ளே இருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போய்விட்டது. செய்தி கேட்டு ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். எங்கள் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் ஐயா ரயில்வேயில் சேர்ந்தபோது அவருக்குக் கடப்பாரை பிடிக்கக் கற்றுக்கொடுத்த மூத்த கேங்மேன், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி, ஒருவர் அந்த 46 நாளும் அங்கே வேலை பார்த்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது ஐயாவின் குரலில் ஒரு மரியாதை வரும், எந்த ஆபீசரைப் பற்றிப் பேசும்போதும் நான் கேட்காத மரியாதை.

1965 போரைப் பற்றி எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. 1971ஐப் பற்றியும் தானாகச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு பனங்கிழங்குப் பாத்தியால்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆவணியில் பொறுக்கிப் புதைத்த பனங்கொட்டை, தை பிறப்பதற்குள் கிழங்காகி இறங்கியிருக்கும். எல்லோர் வீட்டிலும் மண்வெட்டியால் ஓரத்தைத் திறந்துவிட்டுப் பிடுங்குவார்கள். ஐயா மட்டும் முதலில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து, மண்ணில் குந்தி, சாய்வாகக் குத்திக் குத்திப் பார்ப்பார். விரல் இரண்டும் கம்பியை லேசாகத்தான் பிடித்திருக்கும். உள்ளே எதிலாவது பட்டால் கம்பி நின்றுவிடும், அவரும் நின்றுவிடுவார். அப்புறம் அந்த இடத்து மண்ணைக் கையால் பக்கவாட்டில் விலக்குவார், மேலிருந்து தோண்ட மாட்டார். நான் கம்பியை வாங்கி நேராக ஒரு குத்துக் குத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வலித்தது. அதுவரை அவர் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

"நேராக் குத்தக் கூடாது ஆத்தா. சாய்ச்சுக் குத்தணும்."

ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். கண்ணிவெடிக்கு விசை தலையில் இருக்கும். நேராகக் குத்தினால் தலையில் படும். முப்பது டிகிரி சாய்வில் குத்தினால் கம்பி அதன் விலாவில்தான் முட்டும். குப்புறப் படுத்துக்கொண்டு, ஓரிரு அங்குலத்துக்கு ஒரு குத்தாக முன்னேற வேண்டும். பார்த்து முடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்த நாடாவுக்கு நடுவில்தான் உயிர். டிசம்பர் குளிரில் விரல் மரத்துப்போகும், மரத்துப்போன விரலுக்குக் கம்பி முட்டுவது தெரியாது, அதனால் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி குத்துவார்களாம்.

அவர் இருந்தது மேற்கே பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றுப் பகுதி. நான் வளர்ந்த பிறகு அந்தச் சண்டையைப் பற்றித் தேடிப் படித்தேன். 1971 போரில், போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்கியவர்கள் நான்கே பேர். அதில் அருண் கேத்ரபால், ஹோஷியார் சிங் என்ற இரண்டு பேர் இந்த ஒரு சண்டையில் வாங்கினார்கள். கேத்ரபாலுக்கு 21 வயது, டேங்கை விட்டு இறங்க மறுத்து டிசம்பர் 16ஆம் தேதி உயிரை விட்டவர். கேத்ரபாலின் படைப்பிரிவு டேங்குகள் ஆற்றைத் தாண்டிக் கண்ணிவெடி வயலுக்குள் நுழைந்தபோது சாப்பர்கள் பாதையை முழுதாகத் திறந்து முடித்திருக்கவில்லை. அந்த அளவுக்கு அவசரம். அந்த வீரர்களின் பெயர்களைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே சமயம், அந்தப் பாதையைக் குப்புறப் படுத்துத் திறந்தவர்களின் பெயரையும் யாராவது என் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கலாமே என்ற ஆதங்கமும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த அன்றோடு போர் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். சாப்பருக்கு முடியவில்லை. நம் ஆட்கள் புதைத்தது, அவர்கள் புதைத்தது எல்லாம் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் ஆனது, பிடித்த நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். மாதக்கணக்கில் மறுபடி கம்பியும் கையுமாகக் குந்தியிருந்தார்கள். ஐயாவுக்கு அடுத்த வரிசையில் இருந்த வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு அப்போதுதான் கால் போனது. சண்டை முடிந்து, வெற்றி விழா எல்லாம் முடிந்து, ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுத்த பிறகு. ஐயாவின் இடது காது மந்தமானதும் அன்றைக்குத்தான். இதைச் சொல்லிவிட்டு, "கெழங்க எடு, வெயில் ஏறுது" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் எத்தனை முறை கேட்டும் அந்தக் கதையை முழுதாக இன்னொரு தடவை சொல்லவேயில்லை.

1979ல் ஹவில்தாராக வெளியே வந்தார். வயது 35. இது பலருக்குத் தெரியாத விஷயம். சிப்பாய்கள் அறுபது வயதுவரை ராணுவத்தில் இருப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், செலவு ஏறுகிற வயதில்தான் அவர்களை அனுப்பிவைக்கிறார்கள். அன்றைய பென்ஷன் ஐந்து பேர் சாப்பிடக் காணாது. ரயில்வேயில் கடைநிலை வேலைகளில் முன்னாள் ராணுவத்தினருக்கு இட ஒதுக்கீடு உண்டு. 1981ல் கேங்மேனாகச் சேர்ந்தார். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கிய ஹவில்தார், தன்னைவிடச் சின்ன வயது மேஸ்திரிக்குக் கீழே கடப்பாரை தூக்கினார். ஊரில் ஜாடை பேசினார்கள். அப்பத்தா அழுதாளாம். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் காலை ஐந்தரைக்கு டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போரில் அவர் காட்டிய தைரியத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் காலை ஐந்தரை மணியை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

அப்போது எங்கள் பாதை மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். சித்திரை வெயிலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருக்கும், இரும்பு நீளும். மார்கழி விடியலில் சுருங்கும், சுருங்கும்போது பலவீனமான இடத்தில் விட்டுக்கொள்ளும். ஜல்லியைக் கிளறி, கட்டைக்கு அடியில் குத்தி இறுக்குவதுதான் நாள் முழுக்க வேலை. பத்து வண்டி போனால் மறுபடி தளரும், மறுபடி இறுக்க வேண்டும். முடிவே இல்லாத வேலை அது.

மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து. அதற்குப் போகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் மூத்தவர்கள் அரியலூர்க் கதையைச் சொல்லி அனுப்புவார்களாம். 1956 நவம்பர் 23, மருதையாற்றில் வெள்ளம் கரையை அரித்துவிட்டது, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் ஆற்றில் விழுந்தது, 140 பேருக்கு மேல் செத்தார்கள், ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். நாம் இந்தச் சம்பவத்தை சாஸ்திரியின் நேர்மைக்கு உதாரணமாகத்தான் கேட்டிருக்கிறோம். கேங்கில் அது வேறு மாதிரிச் சொல்லப்படும். தண்ணீரின் நிறம் மாறினால் கவனி, கரையிலிருந்து ஒரு கூடை மண் சரிந்திருந்தாலும் நில், வண்டியை விடாதே.

1987ல் கீமேன் ஆனார். அந்தக் காலத்தில் தண்டவாளத்தை இரும்புத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது 'கீ' எனப்படும் ஆப்பு. அது கழன்றிருக்கிறதா என்று தினமும் நடந்து பார்த்து, அடித்து இறுக்குகிறவர் கீமேன். ஒருவர் பொறுப்பில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளம், திரும்பும்போது மறுபக்கம். தோளில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, டெட்டனேட்டர் டப்பா. நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், வருடத்துக்கு முந்நூறு நாள், பதினேழு வருடம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 61,200 கிலோமீட்டர். பூமியை ஒன்றரைச் சுற்று. எல்லாம் அந்த ஆறு கிலோமீட்டருக்குள்ளேயே.

அவருக்கு ஒரு பழக்கம், எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டுவார். கதவு, மேசை, சைக்கிள் கம்பி, எங்கள் தலை. சுத்தியலால் தட்டினால் இறுக்கமாக இருப்பது 'ணங்' என்று பேசும், தளர்ந்தது 'டொக்' என்று முனகும், அதைப் பிடித்துக்கொள்வதுதான் கீமேன் காது. பாதிக் காதோடு அந்த வேலையைச் செய்தார். மானாமதுரையில் பானை வாங்கப் போனால் கடைக்காரர்களே, "கீமேன் வந்துட்டாரு, ஓட்டப் பானைய உள்ள எடுத்து வைங்கடா" என்பார்கள். கட்டிலில் விழுந்த பிறகும் விரல் சுவரைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். நான் பிறப்பதற்கு முந்தைய மார்கழி. விடிந்தும் விடியாத நேரம், பனிமூட்டம். தட்டிக்கொண்டே போனவருக்கு ஓரிடத்தில் சத்தம் சரியில்லை. குனிந்து கையால் தடவினால் தண்டவாளம் முழுசாக விட்டிருக்கிறது, இடைவெளிக்குள் விரல் நுழைகிறது. ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, முதலில் வண்டி வரப்போகிற திசையில் ஓடினார். மீட்டர் கேஜுக்கு விதி இது: 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று. தகர டப்பி மாதிரி இருக்கும், ஈயப் பட்டையால் தண்டவாளத்தில் கட்டிவிட வேண்டும், சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். அதுநாள்வரை வெடியை எடுத்தே பழகிய கை, அன்றைக்கு வெடி வைத்தது. மூன்றாவதைக் கட்டி முடிப்பதற்குள் எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டதாம். மூன்றும் வெடித்தன, வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து விரிசலைப் பார்த்துவிட்டு இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜன்னலில் ஒருவர் தலையை நீட்டி, "ஏம்ப்பா வண்டிய நிப்பாட்டுன? எனக்கு மதுரையில கோர்ட்டு இருக்கு" என்று திட்டினாராம். ஐயா இந்தப் பகுதியைத்தான் ரசித்துச் சொல்லுவார். "அவரு கோர்ட்டுக்குப் போயிருப்பாருல்ல, அது போதும்."

ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, பெட்டியில் மேற்கு முனைப் போருக்கான பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

2004ல் ஓய்வு பெற்றார். 2007ல் எங்கள் பாதை அகலப் பாதையானபோது என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். கான்கிரீட் ஸ்லீப்பர், வளைந்த கிளிப், பற்றவைத்த நீளத் தண்டவாளம். அவர் அடித்து இறுக்கிய ஆப்பு ஒன்றுகூட இல்லை. கேங்மேன் என்ற பெயரும் டிராக்மேன் ஆகி, அப்புறம் டிராக் மெயின்டெய்னர் ஆனது. வருத்தமா என்று கேட்டேன். புதுத் தண்டவாளத்தைக் குனிந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நல்லாப் போட்டிருக்கானுக" என்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

கடைசிச் சில வருடங்களில் என்னை அதிகம் வருத்தியது நவம்பர் மாதம்தான். உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். கைரேகைக் கருவி அவர் விரலைப் படிக்காது. கடப்பாரையும் சுத்தியலும் ரேகையைத் தேய்த்துவிட்டன. ஓர் அலுவலகத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லிவிட்டு, "பெரியவரே, கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்கள். அவர் பேசாமல் போய்க் கழுவிக்கொண்டு வந்தார், மூன்று முறை. நான் சத்தம் போடப் போனபோது என் கையை அமுக்கினார். முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி 2021ல் வந்த பிறகு வீட்டுத் திண்ணையில் வைத்தே போனில் எடுத்துவிட்டேன். முதல் தடவை அது ஏற்றுக்கொண்டதும், "உசுரோட இருக்கேனாமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இந்தத் தையில் பாத்தியைப் பிரித்தோம். ஆவணியில் கொட்டை புதைத்தவர் அவர்தான், எடுக்க அவர் இல்லை. நான் கம்பியை எடுத்துக்கொண்டு குந்தினேன். பக்கத்தில் என் அக்கா மகன், ஆறு வயது, தனக்கும் வேண்டும் என்று பிடுங்கி நேராக ஓங்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து அப்பத்தா கத்தினாள், "நேராக் குத்தாதடா! சாய்ச்சுக் குத்தணும்!"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். ஏன் சாய்த்துக் குத்த வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"இதுல என்ன சொல்றதுக்கு இருக்கு? நேராக் குத்துனா கெழங்கு கிழிஞ்சிரும்ல" என்றாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். கம்பி, விசை, வெள்ளை நாடா, வேலூர்க்காரர். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அம்பது வருசமா கெழங்குக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம் எழுந்து போய், பையன் கையிலிருந்த கம்பியை வாங்கி, மண்ணைத் துடைத்துவிட்டு, அவன் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினாள்.